குளிர்காலத்தில் பனியின் மேல் ஓடிய வாகனத்தின் தடம், ஆர்க்டிக் தூந்திர நிலத்தில், அதாவது மரங்களற்ற குளிர் நிலத்தில், பல ஆண்டுகள் அழியாமல் இருப்பது ஏன்?

தடம் பனியோடு கரைந்துவிடாமல் நிலத்திலேயே பதிவதற்குக் காரணம், அங்கே செடிகளுக்குக் கீழே இருக்கும் நிரந்தர உறைமண், அதாவது ஆண்டுக்கணக்கில் உருகாமல் உறைந்தே கிடக்கும் மண்.

அலாஸ்காவின் வடகிழக்கில் உள்ள ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் கடலோரச் சமவெளியில், 1984, 1985 ஆம் ஆண்டுகளின் குளிர்காலங்களில் எண்ணெய் தேடி நில அதிர்வு ஆய்வு, அதாவது நிலத்துக்குள் அதிர்வுகளை அனுப்பி அடியில் இருப்பதை அறியும் ஆய்வு, நடத்தப்பட்டது. நிலம் உறைந்து பனி மூடியிருக்கும்போது கனரக வாகனங்களை ஓட்டினால் சேதம் குறையும் என்பதே அன்றைய கணக்கு. அது முற்றிலும் தவறான கணக்குமன்று, ஏனெனில் பெரும்பாலான தடங்கள் சுமார் பத்தாண்டுகளில் மீண்டுவிட்டதை அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவையின் ஆய்வாளர்கள் நீண்டகாலக் கண்காணிப்பில் கண்டனர். ஆனால் ஒரு சிறு பகுதி மீளவில்லை. குறிப்பாக, ஆய்வுக் குழுவினர் தங்கும் முகாம் வண்டிகளை இழுத்துச் சென்ற தடங்கள், அதிர்வு ஆய்வுக்காகவே வாகனங்கள் ஓடிய கோடுகளைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தன.

அங்கே பனிப்போர்வை மெல்லியது. காற்று அதை மேடுகளிலிருந்து அடித்துச் சென்றுவிடும். வாகனம் பாசியையும் கோரைக் குத்துகளையும் நசுக்கும்போது, கோடை வெப்பம் கீழே இறங்காமல் தடுத்துவந்த போர்வை மெலிகிறது, வெளிப்பட்ட கரிய மண் கூடுதல் வெயிலை உறிஞ்சுகிறது, கோடையில் உருகும் மண்ணடுக்கு ஆழமாகிறது. அடியில் பனிக்கட்டி மிகுந்திருந்தால், அது உருகியதும் நிலம் அமிழ்ந்து, பள்ளத்தில் நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் மேலும் வெப்பத்தைச் சேர்ப்பதால் உருகல் தானாகவே தொடர்கிறது. அத்தகைய இடத்தில் பச்சை திரும்பினாலும் பழைய தாவர இனங்களுக்குப் பதிலாக ஈரம் விரும்பும் கோரைகளே பரவக்கூடும். ஆகவே, பசுமையை மட்டும் பார்த்து மீட்சியை மதிப்பிடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை; உருகும் ஆழத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.