மே மாதக் கடைசியில் குடும்பத்துடன் அந்தமான் செல்லலாமா? வானிலையும் கடலும் எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் மே 22-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு வாரம், வயதான தாயாரையும் பள்ளி செல்லும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அந்தமான் செல்ல எண்ணுகிறார். விமானக் கட்டணம் அப்போது குறைவு என்பதால் ஆசை. மழையும் கடலும் எப்படியிருக்குமோ என்பதால் தயக்கம். அதே ஆசையோடும் அதே தயக்கத்தோடும், சில ஆண்டுகளுக்கு முன் மே கடைசி வாரத்தில் காரைக்குடியிலிருந்து என் ஆத்தாவையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று திரும்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன். செல்லலாம். ஆனால் நாம் இங்கே கோடை என்று நினைத்துப் பெட்டி கட்டும் அந்த வாரத்தில், அங்கே கோடை முடிந்துபோயிருக்கும்.

நம் பக்கத்தில் அக்கினி நட்சத்திரம் மே 28 வரை நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையோ கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில், தெற்கு அந்தமான் கடலில் கால் வைத்துவிடுகிறது. 2023-லும் 2024-லும் மே 19 அன்றே அங்கு வந்துவிட்டது; 2025-இல் இன்னும் முந்திக்கொண்டு மே 13-லேயே வந்தது. அந்தமானில் தொடங்கி இத்தனையாவது நாளில் கேரளத்துக்கு வரும் என்று கணக்குப் போடுவோர் உண்டு, அது பலிப்பதில்லை. 2024-இல் பதினோரு நாளில், மே 30 அன்று கேரளத்தை எட்டிய மழை, 2023-இல் ஜூன் 8 வரை காக்க வைத்தது. உங்களுக்கு வேண்டியது அந்தமான் தேதி ஒன்றுதான். நீங்கள் சொல்லும் வாரத்தில் மழை தொடங்கியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடியில் 39, 40 என்று அடிக்கும்போது போர்ட் பிளேயரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) பகல் வெப்பம் 31, 32 டிகிரியைச் சுற்றியே நிற்கும். ஆனால் காற்றில் ஈரம் மிக அதிகம். ஆத்தா சம்படம் நிறைய எடுத்து வந்த தேன்குழல் இரண்டாம் நாளே நமத்துப்போயிற்று. துவைத்துப் போட்ட துணி புறப்படும் வரை காயவில்லை. மழை நாள் முழுவதும் விடாமல் பெய்வது, அருகில் காற்றழுத்தத் தாழ்வு ஏதேனும் உருவானால்தான். மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெளிவாங்கிவிடும்.

இனி கடல். மார்ச், ஏப்ரலில் அங்கே காற்று அடங்கிக் கடல் குளம்போலக் கிடக்கும். தெளிந்த வானத்தின் வெயில் நேரே இறங்குவதால் நீரும் சூடேறிவிடும். அந்தச் சூடு எல்லை மீறிய 2010-ஆம் ஆண்டுக் கோடையில் பவளங்கள் பெருமளவில் வெளிறிப்போயின. மே முதல் பாதியில் அப்பகுதிக் கடலில் புயல்கள் உருவாவதற்கும் இந்த வெந்நீர் ஒரு காரணம். 2022-இன் அசானியும் 2023-இன் மோக்காவும் அப்படித் தோன்றியவையே. பருவக்காற்று வந்ததும் மேகம் மூடி, அலை கலக்கி, நீர் சற்றே குளிர்கிறது. அமைதியும் அத்துடன் போய்விடுகிறது.

ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போய்விடுவதில்லை. இதை நமக்குப் புரிய வைக்க இராமேசுவரம் போதும். தனுஷ்கோடிச் சாலையில் நின்றால், ஒரு பக்கம் ஆண் கடல் அலையடித்து ஆர்ப்பரிக்க, மறுபக்கம் பெண் கடல் சலனமின்றிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் முரண்டு பிடிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் நிலைமை தலைகீழாகும். அந்தத் தீவில் வடக்கும் தெற்கும் செய்வதை அந்தமானில் கிழக்கும் மேற்கும் செய்கின்றன. அந்தமான், நிக்கோபார்த் தீவுகள் 700 கிலோமீட்டருக்கு மேல் வடக்கு தெற்காக ஒரு மதில்போல நீண்டு கிடப்பதால், தென்மேற்குக் காற்றும் அது உருட்டி வரும் அலையும் மேற்குக் கரையில் மோதி, கிழக்குக் கரையில் தணிந்துவிடுகின்றன. ஆகவே, கடல் எப்படி என்பதைவிட, நீங்கள் இறங்கப் போகும் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று விசாரிப்பதே பயன் தரும்.

ஸ்வராஜ் தீவில் (பழைய ஹேவ்லாக்) எல்லோரும் படம் எடுத்துப் போடும் ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது. நாங்கள் சென்ற மாலையில் அங்கே அலை ஆளுயரத்துக்கு எழுந்து கரையிலேயே உடைந்துகொண்டிருந்தது. காவலர் யாரையும் முழங்காலுக்கு மேல் இறங்கவிடவில்லை. பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது. மறுநாள் காலை அதே தீவின் கிழக்குக் கரையிலுள்ள காலாபத்தருக்குப் போனால், முந்தைய நாள் பார்த்த கடலா இது என்று தோன்றும்படி நீர் மெல்ல வந்து தொட்டுவிட்டுப் போயிற்று. ஷஹீத் தீவிலும் (பழைய நீல்) இதே கதைதான்: லட்சுமண்பூர் மேற்கு, சீதாபூர் கிழக்கு. என் கருத்தில், இந்தப் பருவத்தில் விடுதியைக் கிழக்குப் பக்கம் எடுத்துக்கொண்டு, ராதாநகரைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பக்கமாயினும் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை விளையாட்டாக எண்ண வேண்டாம்.

கிழக்குக் கரையிலும் ஒரு சிக்கல் உண்டு. தொண்டிப் பக்கம் ஏற்ற வற்றத்தை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் ஏறக்குறைய 2 மீட்டர் ஏறி இறங்கும். வற்றத்தின்போது விஜயநகர் போன்ற கரைகளில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, காலைக் கிழிக்கும் பவளப் பாறை வெளியே தெரியும். குளிப்பதானால் ஏற்றத்தின்போது மட்டும். நாட்காட்டியில் திதியைப் பார்த்து, அன்றைய ஏற்ற நேரத்தை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்தை உண்மையில் குலைப்பது படகுதான். போர்ட் பிளேயரிலிருந்து ஸ்வராஜ் தீவுக்குப் படகைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். காற்று வலுத்துப் பலத்த காற்று எச்சரிக்கை வந்தால், படகை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு ஒரு நாள் அப்படி நின்றது. கட்டணம் திரும்பி வர ஐந்து வாரம் ஆயிற்று என்பது தனிக் கதை. அதனால் இறங்கிய மறுநாளே தீவுகளுக்குக் கடந்துவிட்டு, ஊர் திரும்பும் விமானத்துக்கு இரண்டு இரவு முன்னதாகவே போர்ட் பிளேயருக்கு வந்துவிடுங்கள். காலைப் படகில் ஏறுங்கள். படகு ஆட்டத்தில் குமட்டாமலிருக்க, தாயாருக்கு இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் காற்றையும் நாள்தோறும் முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து பார்த்து வாருங்கள்.

கட்டணம் மிச்சம் என்று சென்னையிலிருந்து கப்பலில் செல்லும் யோசனை இருந்தால், இந்தப் பருவத்தில் கைவிடுங்கள். ஏறத்தாழ மூன்று நாள் பயணத்தில் தென்மேற்கு அலை பெரும்பாலும் பக்கவாட்டிலேயே அடிக்கும்; கப்பல் தொட்டிலாக ஆடும். கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய நம் முன்னோர் பட்டதை நாமும் பட்டே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மீன் பிரியராக இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விசைப்படகுத் தடை நம் கிழக்குக் கரையைப் போல அங்கும் உண்டு. அந்த நாட்களில் வகை சற்றுக் குறையும். மே மாதக் கடைசியில் சூரியன் காலை 5 மணிக்கே எழுந்து மாலை 6 மணிக்குள் விழுந்துவிடுவதால், வெளியே செல்ல வேண்டியதை முற்பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். செல்லுலார் சிறையைக் கடைசி நாளுக்கு வைத்திருங்கள். எங்கள் கடைசி நாள் முழுவதும் மழை. சிறையின் நீண்ட தாழ்வாரங்களில் நனையாமல் நடந்தே பாதி நாள் போயிற்று. மாலையில் முற்றத்தில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சியைத்தான் பார்க்க முடியவில்லை.