காண்டெஸாவில் கேஸ்: மலையேறினால் சூடு

கேள்வி: என்னிடம் 1.8 பெட்ரோல் காண்டெஸா கார் இருக்கிறது. எல்.பி.ஜி. கிட் போட்டு ஆர்.சி.யிலும் பதிந்தாயிற்று. ஊருக்குள் அருமையாக ஓடுகிறது. ஏற்காடு ஏறும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் மேலே போய், வண்டி திணறுகிறது. பானெட்டைத் திறந்தால் ரெடியூசர் (திரவ கேஸை ஆவியாக்கி இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மேல் வெள்ளையாகப் பனி! "கேஸ் என்றாலே சூடுதான், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
– சேலம் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. இன்ஜின் கொதிக்க, ரெடியூசர் உறைய, இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைத்தான்.

டேங்கில் திரவமாக இருக்கும் கேஸ், ரெடியூசரில் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதிலுள்ள புரோப்பேன் கொதிப்பதே மைனஸ் 42 டிகிரியில். அந்தச் சூட்டைக் கொடுக்கத்தான் ஹீட்டர் ஹோஸில் 'T' வடிவ ஜாயிண்ட் போட்டு இன்ஜினின் வெந்நீரை ரெடியூசருக்குள் சுற்றவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தாலோ, லைனில் காற்று அடைத்தாலோ அந்தச் சுற்று நின்றுவிடும். மலையில் கேஸ் அதிகமாகப் போவதால் பனியும் அங்கேதான் கட்டும்.

முதலில் ரெடியூசரின் உயரத்தைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைவிட மேலே இருந்தால் காற்று அங்கேயே போய்த் தங்கும். இறக்கி மாட்டச் சொல்லுங்கள். அப்புறம் கிட் போட்டபோது சேர்த்த ஜாயிண்டுகள். இன்ஜின் ஆறியதும் ஒவ்வொரு கிளாம்பின் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். சொட்டு விழாது. கசிந்தது சூட்டில் காய்ந்து, வெள்ளைக் கோடாகவோ துருக் கோடாகவோ நிற்கும். கிளாம்பை மாற்றிய பிறகு, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை 'ஹாட்'டில் போட்டு ஐடிலில் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். குறையக் குறைய கூலன்ட் ஊற்றுங்கள். தயவுசெய்து போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும்.

அப்படி ஓடும்போது ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருந்தால், உடனே இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போனாலும் குமிழி வரும்; ரெடியூசர் உள்ளே பிளந்து, கேஸ் தண்ணீரில் கலந்தாலும் வரும். டேங்க் வால்வை மூடி, பைப்பிலுள்ள கேஸ் தீர்ந்ததும் பெட்ரோலில் ஓடவிடுங்கள். குமிழி நின்றால் கோளாறு ரெடியூசரில். நிற்காவிட்டால் பெரும்பாலும் கேஸ்கட்தான். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கேஸ் அளவைக் கஞ்சத்தனமாகக் குறைத்து வைத்திருந்தாலும் ஏற்றத்தில் சூடு கூடும். கிட் போட்டவரிடமே ட்யூனிங்கைச் சரிபாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் காலையில் தண்ணீர் சூடாக வெகு நேரமாகும்; ரெடியூசர் இன்னும் சீக்கிரம் உறையும். உங்கள் கோளாறும் தீராது, ரேடியேட்டரில் அடைப்பு இருந்தால் அதுவும் தெரியாமல் போகும். பழையது சந்தேகமாக இருந்தால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை மலைப்பயணம் வேண்டாம். வழியில் ரெடியூசர் மேல் பனியைப் பார்த்துவிட்டால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆறவிடுங்கள். பெட்ரோலுக்கு மாற்றினால் திணறல்தான் நிற்கும், தண்ணீர்க் குறை அப்படியே இருக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.