கயாக் ஏற்ற எந்த வண்டி? முதலில் உங்கள் தோளைக் கேளுங்கள்

தக்கலைப் பக்கமிருந்து ஒரு ஆசிரியர் கேட்டிருக்கிறார்: “பன்னிரண்டடி நீளத்தில், மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் வகை கயாக் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். எடை 28 கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் மணக்குடிக் காயலுக்கோ தேங்காய்ப்பட்டணம் ஆற்றுக்கோ கொண்டுபோக வேண்டும். கையில் இருப்பது 2020 மாடல் வேகன்ஆர். இது காணாது, பெரிய எஸ்யூவியாகப் பார் என்கிறார்கள் நண்பர்கள். பழைய பிக்கப் ஒன்று எடுத்துப் போடு என்கிறார் மைத்துனர். பிறகு மகனுக்கும் ஒரு கயாக் வாங்கும் எண்ணம் உண்டு. எந்த வண்டி வாங்கலாம்?”

இரண்டு தரப்பையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் கயாக்கின் எடை கிட்டத்தட்ட ஒரு நிறைந்த காஸ் சிலிண்டரின் எடை. அதைச் சுமக்க எந்தக் காரின் இன்ஜினும் மூச்சு வாங்காது. பின்சீட்டில் ஏறும் ஒரு ஆள் அதைவிடக் கனம். ஆனால் அந்த சிலிண்டரை உங்கள் தலைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். அதுவும் காலையில் கிளம்பும்போது அல்ல, மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டு, தோள் கழன்று, மணலில் கால் புதையக் கரையேறிய பிறகு. கயாக் வாங்கி ஒரே வருடத்தில் மாட்டுத் தொழுவத்தின் மேல் ஏற்றிவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரிடமும் இருந்தது உயரமான வண்டி.

அதனால் கூரையின் உயரத்திலிருந்து தொடங்குகிறேன். பொலேரோவின் கூரை தரையிலிருந்து சுமார் ஆறடி இரண்டு அங்குலம். உங்கள் வேகன்ஆர் ஐந்தரை அடி. ஸ்விஃப்ட் போன்றவை ஐந்தடி. இதற்கு மேல் குறுக்குக் கம்பி வைத்தால் இன்னும் அரை அடி கூடும். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள ஒருவர் வேகன்ஆரில் தனியாக ஏற்றிவிடலாம். பொலேரோவில் ஏற்ற ஸ்டூல் வேண்டும், இல்லையென்றால் கடப்புறத்தில் சும்மா நிற்கும் யாரையாவது “அண்ணே, ஒரு கை” என்று கூப்பிட வேண்டும். மணக்குடியில் அப்படிக் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள், அது வேறு விஷயம். ஆனால் அவர்களை நம்பி வண்டி வாங்க முடியாது.

தனியாக ஏற்றும் விதமும் உண்டு. வண்டிக்குப் பின்னால் கயாக்கை நேர்க்கோட்டில் கிடத்துங்கள். முன்முனையை மட்டும் தூக்கிப் பின்கம்பியின் மேல் சாயுங்கள். அப்புறம் பின்முனையைத் தூக்கி முன்னால் தள்ளினால் போதும். இப்படிச் செய்யும்போது ஒரு நேரத்தில் உங்கள் கைக்கு வருவது பாதி எடைதான். கம்பியின் மேலும் பின்கண்ணாடியின் விளிம்பிலும் பழைய கம்பளத் துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தலைச்சுமைக்குச் சும்மாடு எதற்கோ, அதே காரணம்தான் இதற்கும். பின்புறம் செங்குத்தாக இறங்கும் வேகன்ஆர் மாதிரி வண்டிக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். டிக்கி நீண்ட செடானில் பெயின்டை உரசாமல் தள்ளப் பழக்கம் வேண்டும்.

அடுத்தது கூரை எவ்வளவு தாங்கும் என்பது. சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ வரைதான் கணக்கு. அதில் கம்பியின் எடையும் சேரும். உங்கள் வண்டியின் கையேட்டில் குறைந்த எண் இருந்தால் அதுதான் வேதம். நிற்கும் வண்டியின் கூரையில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பார்கள். ஓடும்போது குழியில் விழுந்து எழும் அதிர்ச்சியும், வளைவில் பக்கவாட்டில் இழுக்கும் விசையும் நிற்கும்போது கிடையாது. இன்னொன்று, இப்போது வரும் பல வண்டிகளில் கூரையோரம் ஓடும் கம்பி வெறும் அழகுக்கு ஒட்டியது. அதில் கயிறு கட்டி இழுத்தால் கம்பி தனியாகக் கையோடு வரும். விற்பனை ஆளிடம் கேட்காதீர்கள், கையேட்டைப் பாருங்கள்.

உங்களுக்கு ஏற்றது கதவுச் சட்டத்தில் கவ்விப் பிடிக்கும் அலுமினியக் கம்பி ஜோடி. எடை ஐந்தாறு கிலோ. கயாக்கோடு சேர்த்தால் 34. தாராளம். டாக்சிக்குப் போடுவது மாதிரி இரும்புக் குழாயில் கேரியர் அடித்து வைக்கலாமே என்று தோன்றும். எங்கள் பட்டறையிலேயே ஒரு காலத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது கொடுப்பதில்லை. அதன் எடையே இருபது கிலோவைத் தாண்டும், உப்புத் தண்ணீர் சொட்டி ஒரே மழைக்காலத்தில் துருவும் ஏறிவிடும்.

நீளக் கணக்கு உங்கள் விஷயத்தில் வேடிக்கையாக அமைந்திருக்கிறது. உங்கள் மாடல் வேகன்ஆரின் நீளம் 3655 மில்லிமீட்டர். பன்னிரண்டடி என்பது 3658. வண்டியும் கயாக்கும் ஒட்டிப் பிறந்த மாதிரி. நடுவாக வைத்துவிட்டால் முன்னாலும் பின்னாலும் எதுவும் துருத்தாது. பின்கதவு முழுதாகத் திறக்காது, அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட், இரண்டாகக் கழற்றிய துடுப்பு, தண்ணீர் கேன், மாற்றுத் துணி எல்லாவற்றையும் பக்கக் கதவு வழியாகவே ஏற்றப் பழகிக்கொள்ளுங்கள். ஈரத்தோடு வருவதைப் போட ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி உள்ளே கிடக்கட்டும்.

துருத்தல் விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194வது பிரிவுப்படி, அனுமதித்த அளவை மீறிச் சரக்கு முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில்தான். சிவப்புத் துணி கட்டிவிட்டால் எல்லாம் சரி என்கிற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

மைத்துனரின் பிக்கப் யோசனை சறுக்குவது இந்த இடத்தில்தான். குட்டி யானையின் (டாடா ஏஸ்) தொட்டி ஏழடிக்குச் சற்று மேல். பெரிய பொலேரோ பிக்கப்பில் ஒன்பதடி. பன்னிரண்டடிக் கயாக்கைப் படுக்க வைத்தால் முதலாவதில் ஐந்தடியும் இரண்டாவதில் மூன்றடியும் வெளியே நிற்கும். கேபினுக்கு மேல் சாய்த்து ஏற்றச் சட்டம் அடிக்கலாம். அப்புறம் ஏற்றும் உயரம் பொலேரோ காரையும் தாண்டும், சாய்ந்து நிற்கும் முனையில் காற்றும் ஏறும். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி சொந்தப் பதிவில் ஓடும் இரட்டைக் கேபின் வண்டிகளின் தொட்டி ஏறக்குறைய ஐந்தடிதான், அதனால் அங்கும் சட்டம் இல்லாமல் முடியாது. இவ்வளவு விலை கொடுத்து, ஐந்தே கால் மீட்டர் நீள வண்டியை விளவங்கோட்டு ரப்பர்த் தோட்டச் சந்துகளில் எதிரே வரும் டெம்போவுக்கு வழிவிட்டுப் பின்னால் எடுக்கப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். எனக்கு இல்லை.

சரக்கு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வாங்குவதில் லைசென்ஸ் ஒரு தடை என்று பலர் நினைக்கிறார்கள். அது தடை இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டும் தேவையில்லை. தொல்லை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றில் இருக்கிறது. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம் காட்ட வேண்டும். மைத்துனர் சொல்லும் பழைய பிக்கப் வருடாந்திரக் கணக்கில்தான் வரும். பிள்ளைகளைப் பின்தொட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போகவும் சட்டம் விடாது. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு பாடு வேண்டுமா?

எஸ்யூவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணலில் இறக்க நாலு சக்கர ஓட்டம் வேண்டும் என்பார்கள். நீங்கள் சொன்ன இரண்டு இடத்திலும் தார் ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொண்டோ, சின்னச் சக்கர வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டோ போகலாம். அந்தக் கைவண்டியில் பலூன் மாதிரி தடித்த டயர் இருக்க வேண்டும். ஒல்லி டயர் மணலில் உழுமே தவிர உருளாது. எஸ்யூவிக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு துளியை இதற்குச் செலவிடுங்கள்.

இனிக் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் வீணுக்கு நிற்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று புனலில் ஊற்றிய மாதிரி பாயும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடி மாதம் திருநெல்வேலிப் பக்கம் கயாக் கொண்டுபோனேன். நடுவில் இரண்டு பட்டை மட்டும் போட்டிருந்தேன், முனையைக் கட்டவில்லை. கணவாயைத் தாண்டுகிற இடத்தில் பக்கத்தில் வந்த லாரி கடந்துபோனதும் அதுவரை மறைத்திருந்த காற்று ஒரே அடியாக அடித்தது. கயாக்கின் முன்முனை ஒரு முழம் இடது பக்கம் திரும்பியது, கண்ணாடிக்கு மேலே நிழல் நகர்ந்ததைப் பார்த்தேன். விழவில்லை. ஓரங்கட்டி நிறுத்திய பிறகு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

தப்பு என்னுடையதுதான். முன்முனைக்கும் பின்முனைக்கும் கயிறு கட்டாயம். நான் அதை மூக்கணாங்கயிறு என்றே சொல்வேன். இரண்டு குறுக்குக் கம்பிக்கும் நடுவே கயாக் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் நல்லது, அதாவது உங்களுக்கு நாலடி. வேகன்ஆரின் கூரையில் இரண்டரை, மூன்றடிதான் கிடைக்கும். அந்தக் குறையை இந்தக் கயிறுதான் ஈடுகட்டும். பானெட்டுக்கு அடியில் ஃபெண்டர் போல்ட்டோடு இரண்டு பக்கமும் ஒரு நாடா வளையம் மாட்டி, தலைகீழ் ‘வி’ வடிவில் கட்டுங்கள். கயிறு அவிழ்ந்தாலும் சக்கரத்தை எட்டாத நீளத்தில் இருக்கட்டும். சாதா நைலான் கயிறு நனைந்தால் நீளும், அதனால் பக்கிள் வைத்த பட்டை நல்லது. பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிப் போட்டால் காற்றில் விம்மென்று பாடாது. கிளிக் கிளிக் என்று இறுக்கும் ராட்செட்டைத் தொடாதீர்கள். வெயிலில் இளகிய பாலித்தீன் உடம்பு அந்த இறுக்கத்தில் குழிந்துவிடும். கயாக்கைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள், இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் அதுவே நல்லது. வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறுபதில் போகும்போது காற்று கொடுக்கும் அழுத்தம் எண்பதில் கிட்டத்தட்ட 1.8 மடங்காகிவிடும்.

மகனின் கயாக்குக்கு வருவோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்த முடியாது. ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம் என்றால் ஐந்தடி வேண்டும், வேகன்ஆரின் கூரை நாலடிகூட வராது. ஒருக்களித்து நிறுத்தத் தாங்கி போடலாம். ஆனால் அதே அளவில் இன்னொன்று என்றால் எடை 62 கிலோவுக்குப் போய்விடும், தாங்கியின் எடை வேறு. சின்ன வண்டிக்கு அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மகனுக்குக் காற்றடைக்கும் கயாக் வாங்குங்கள். பையில் மடித்தால் பன்னிரண்டு, பதினைந்து கிலோ, டிக்கிக்குள் அடங்கும். காற்றுக்கு அது அலையும் என்பது உண்மை. ஆகவே காயலுக்குள் மட்டும், காலை பத்து மணிக்கு முன்பாக மட்டும். தேங்காய்ப்பட்டணத்தில் ஆற்றோடு நின்றுகொள்ளுங்கள். பொழிமுகத்துக்குப் போக வேண்டாம், அந்த முகத்துவாரம் பெரிய வள்ளங்களையே கவிழ்த்திருக்கிறது.

அவனுக்கும் கனமான கயாக்தான் வேண்டும் என்றால், அப்போது வண்டியை மாற்றலாம். என் தேர்வு பழைய எர்டிகா. நீளம் 4395 மில்லிமீட்டர், உயரம் 1690. உங்கள் வேகன்ஆரைவிட உயரம் அரை அங்குலம்தான் கூடுதல், கூரையோ நன்றாக நீண்டது. கம்பிகளை அகட்டி வைக்கலாம், தூக்கும் உயரம் மாறாது, மூன்றாம் வரிசையை மடக்கினால் சாமானெல்லாம் உள்ளே போகும். கூரைச் சுமையை மட்டும் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து மலிவாக வந்தால் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

எந்த வண்டியானாலும் வீடு வந்ததும் கயாக்கை இறக்கும் முன்பே நல்ல தண்ணீர் அடியுங்கள். கயாக்கிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் கூரையோரப் பள்ளத்திலும் கதவு ரப்பருக்குள்ளும்தான் போய்த் தேங்கும். துரு அங்கேதான் பிடிக்கும், வெளியே தெரியும்போது பாதி தின்றிருக்கும். கம்பியின் போல்ட்டுகளை 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கம்பி வாங்கப் போகும் முன்பே டேப்பை எடுத்து உங்கள் கார் ஷெட்டின் வாசல் உயரத்தை அளந்துவிடுங்கள். வேகன்ஆர், கம்பி, கவிழ்த்த கயாக் மூன்றும் சேர்ந்து ஏழடியைத் தாண்டும். ஷட்டர் போட்ட ஷெட் என்றால் சுருட்டிய ஷட்டர் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.