எம்.எஸ். அறுவை சிகிச்சைப் படிப்பில் தீசிஸ் (ஆய்வேடு) வெறும் சடங்குதானா, நல்ல சர்ஜன் ஆக அது உதவுமா?

கைத்திறனுக்கு உதவாது. முடிச்சுப் போடுவதெல்லாம் தியேட்டரில் சீனியர் பக்கத்தில் நின்றால்தான் வரும். ஆபரேஷன் செய்த நோயாளி வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார் என்று தேடிப்பிடித்துக் கணக்கு வைக்கும் பழக்கத்தைத்தான் தீசிஸ் தரும். நிபுணர் ஆன பிறகு இதை யாரும் சொல்லித்தரப் போவதில்லை.

அமெரிக்காவில் சில பயிற்சித் திட்டங்களில் ஆராய்ச்சிக்கென்றே ஓரிரு ஆண்டு ஒதுக்குகிறார்கள். நம் 3 ஆண்டில் டியூட்டிக்கு நடுவேதான் பார்க்க வேண்டும். ஆகவே கேள்வி சின்னதாக இருக்கட்டும். அவசர வயிற்று ஆபரேஷனுக்குப் பின் எத்தனை பேருக்குக் காயத்தில் சீழ் பிடிக்கிறது? பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் போன்ற பெரிய அரசு மருத்துவமனையில் இதற்குக் கேஸ் கிடைக்கும்.

100க்கு 20 பேருக்குச் சீழ் பிடிக்கும் என்று எதிர்பார்த்தால், அது 10 சதவீதப் புள்ளி முன்பின், அதாவது 10 முதல் 30 வரை, இருக்கலாம் என்ற துல்லியத்துக்கு 62 பேர் வேண்டும். 5 புள்ளிக்குள் என்றால் 246. 15 சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்று வைத்து, 62க்குப் பதில் 73 பேரைச் சேருங்கள். எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதிக்கு முன் ஒரு கேஸ்கூடச் சேர்க்கக் கூடாது.

படிவம் ஒரே பக்கம் போதும். தியேட்டரிலேயே நிரப்பிவிட வேண்டும். காயத்தின் வகை, சர்க்கரை அளவு, ஆன்டிபயாடிக் போட்ட நேரம், கத்தி வைத்த நேரம். மறுவாரம் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் மருந்து போனதா என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

பெரிய ஓட்டை டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். இந்தத் தொற்றை 30 நாள் வரை பார்க்க வேண்டும். குடலிறக்கத்துக்கு வலை வைத்திருந்தால் 90 நாள். ராதாபுரம் பக்கத்துக்காரருக்கு 12-ஆம் நாள் சீழ் வந்தால் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டுக்கொள்வார். பீடி சுற்றும் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவது கஷ்டம். உங்கள் தாளில் இருவரும் 'தொற்று இல்லை' என்று பதிவாகிவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 62 பேரில் 10 பேரைக் காணோம், மீதி 52-இல் 6 பேருக்குச் சீழ் என்றால் 11.5 சதவீதம். காணாத பத்துப் பேரும் நலம் என்றால் 9.7, பத்துப் பேருக்குமே சீழ் என்றால் 25.8. மூன்றையும் தீசிஸில் எழுதுங்கள். முதல் எண்ணை மட்டும் போடுவது நேர்மையில்லை.

நோயாளியின் நம்பரோடு சொந்தக்காரர் ஒருவர் நம்பரும் வாங்கிக்கொண்டு, 14-ஆம் நாளும் 30-ஆம் நாளும் கூப்பிடுங்கள். 'நல்லா இருக்கீங்களா' என்றால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். "புண்ணு வாய் பிரிஞ்சிருக்கா? துணியில கறை படுதா? வேற எங்கயும் போய் கட்டு மாத்துனீங்களா?" என்று கேளுங்கள்.

தேர்வுக்கு 6 மாதம் முன்பே தீசிஸைக் கொடுக்க வேண்டும். கடைசி நோயாளிக்கு 30 நாள், அலசி எழுதக் குறைந்தது 3 மாதம் என்று பின்னாலிருந்து எண்ணி, தொடக்கத்தில் கேள்வியை முடிவு செய்து எத்திக்ஸ் அனுமதி வாங்கப் போகும் மாதங்களையும் கழித்தால், கேஸ் சேர்க்க ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான் கிடைக்கும். அதனால் முதல் சில மாதங்களிலேயே கைடிடம் கேள்வியோடு போய் நில்லுங்கள்.