ஸ்கைப் போயாச்சு, இனி எதில் பேச? நாகர்கோவிலிலிருந்து ஒரு கேள்வி பதில்

தக்கலை அக்கா: 2025 மே மாதம் ஸ்கைப்பை மூடிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் மகளிடம் அதில்தான் பேசுவேன். ஓப்பன் சோர்ஸில், அதாவது நிரலை யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஆப்களில், எது நல்லது தம்பி?

பதில்: தினமும் கூப்பிட்டுப் பேச சிக்னல் (Signal) ஆப் போதும் அக்கா. குடும்பமே கூடி வீடியோவில் பேச ஜிட்சி மீட். மகள் அனுப்பும் லிங்கை குரோமில் திறந்து, மைக், கேமராவுக்கு அனுமதி கொடுத்தால் சரி. உங்களுக்குக் கணக்கு வேண்டாம். அழைப்பைத் தொடங்கும் மகளுக்குத்தான் கூகுள் மாதிரி ஒரு கணக்கு வேண்டும். ஜிட்சியின் பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து அப்படி.

கருங்கல் தம்பி: அண்ணன் துபாயில் இருக்கான். வாட்ஸ்அப் கால் போவதில்லை. லின்போன் என்ற ஓப்பன் சோர்ஸ் அழைப்பு ஆப் போட்டால் கிடைக்குமா அண்ணே?

பதில்: கோளாறு ஆப்பில் இல்லை. அமீரகத்தில் அனுமதி பெற்ற இணைய அழைப்புச் சேவைகளுக்கு மட்டும்தான் வழி. ஓப்பன் சோர்ஸ் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். 'விபிஎன் போடு', அதாவது வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் இணைப்பை மறைக்கும் ஆப்பைப் போடு என்று ஊரில் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். மாட்டினால் அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கும், கட்டப்போவது உன் அண்ணன். அங்கே அனுமதியுள்ள போட்டிம் (Botim) ஆப்பைப் போடச் சொல். அது ஓப்பன் சோர்ஸ் இல்லைதான், என்ன செய்ய! சவூதியில் இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை, 2017லேயே விதிகளுக்கு உட்பட்ட ஆப்களுக்குத் தடையை எடுத்துவிட்டார்கள்.

குளச்சல் நண்பர்: ஜாமி (Jami) என்ற அழைப்பு ஆப்புக்கு நடுவில் சர்வரே வேண்டாமாம். கடலுக்குப் போன மச்சானிடம் பேசலாமா?

பதில்: சர்வர் வேண்டாம், நெட் வேண்டும். டவர் எட்டாத இடத்தில் வயர்லெஸ் செட்தான். ஆனால் ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு போன்கள் வெளி நெட் இல்லாமலே ஜாமியில் பேசிக்கொள்ளும். ஒரு தொல்லை: போன் சும்மா கிடக்கும்போது பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டு ஜாமியை அடக்கிவிடும், கால் வந்தது தெரியாது. செட்டிங்ஸில் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

குலசேகரம் அக்கா: மழை பெய்தால் நெட் இழுக்குது, குரல் வெட்டி வெட்டி வருது.

பதில்: வீடியோவை அணைத்துவிடுங்கள். சிக்னல் ஆப்பில் அழைப்புக்கு டேட்டாவைக் குறைக்க ஒரு செட்டிங் உண்டு, அதையும் போடுங்கள்.

மார்த்தாண்டம் கடைக்காரர்: கடைக்கும் குடோனுக்கும் இண்டர்காம் மாதிரி வைக்கலாமா?

பதில்: தாராளமாக. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள், போன்களில் லின்போன், ஆளுக்கு 101, 102 என்று எண். மாதச் செலவு கரண்டுக்கு மட்டும். அதற்காகச் சிம்மைக் கழற்றிவிடாதீர்கள், 108-ஐக் கூப்பிட இது ஆகாது.