தட்டுப்போரைப் பார்த்து ஆடு வையுங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் 5 ஏக்கர் மேட்டாங்காடு. 3 ஏக்கர் கொரங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் காடு), 2 ஏக்கர் மானாவாரிச் சோளம். 2 மாடு, 15 செம்மறி. பங்குனி வந்தாலே சோளத்தட்டு விலைக்கு வாங்குகிறோம். புல்லும் வருடாவருடம் குறைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள். முதல் மழைக்குத் துளிர்த்ததுமே மாட்டை விட்டால் கொழுக்கட்டைப்புல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும், விதையும் கட்டாது. காட்டை மூன்றாகத் தடுத்து, ஆண்டுக்கு ஒரு துண்டை விதை முற்றி உதிரும்வரை அடைத்து வையுங்கள். மற்றவற்றில் மாடு முன்னே, செம்மறி பின்னே. செம்மறி தரையை ஒட்டிக் கடிக்கும். புல் நாலு விரல் உயரம் இருக்கும்போதே துண்டு மாற்றிவிடுங்கள். சொட்டை விழுந்த இடத்தில் ஏக்கருக்கு 3 கிலோ கணக்கில் விதையை ஈரமணலோடு கலந்து தூவி, முள்ளை இழுத்து லேசாக மூடினால் போதும். ஆழத்தில் போனால் முளைக்காது. புதுவிதை ஆறேழு மாதம் உறங்கும். போன வருட விதையே நல்லது. வெள்ளாடு சேர்க்கும் யோசனை இருந்தால் கிளுவை உயிர்வேலியை மறந்துவிடுங்கள், கடித்தே தீர்த்துவிடும்!

இனி தீவனக் கணக்கு. 300 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 7 கிலோ காய்ந்த தீவனம், செம்மறிக்கு 1 கிலோ. மாசி முதல் ஆடி வரை 180 நாளைக்கு மாடுகளுக்கு இரண்டரை டன், ஆடுகளுக்கு 2.7 டன். மழை சுமாரானால் 2 ஏக்கர் சோளம் 3 டன் தட்டுக் கொடுப்பதே பெரிது. காட்டில் காய்ந்து நிற்கும் புல்லும் வெள்வேலங்காயும் கொஞ்சம் தாங்கும், முழுக்க அல்ல. அதனால் தையில் தட்டைப் போர் போட்ட கையோடு கிடாக்குட்டிகளையும் கிழ ஆடுகளையும் விற்றுவிடுங்கள். பங்குனியில் ஊரே சந்தைக்கு ஓட்டி வந்தால் விலை எப்படி நிற்கும்? தட்டை ஒரு அங்குலமாக நறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அடித்தண்டு காலடியில்தான் கிடக்கும்.

கேள்வி: அறுத்த சோளக்காட்டில் மறுதாம்பு (அடிக்கட்டையில் மீண்டும் துளிர்த்த பயிர்) மேய்ந்த மாடு மூச்சு வாங்கி, நுரை தள்ளி விழுந்தது. ஏன்?

பதில்: இளந்தளிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு கூடுதலாக உருவாகும். சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி உரிய நேரத்தில் போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. பூத்த பிறகு வெட்டி, நன்றாகக் காயவைத்துப் போட்டால் இந்தப் பயம் பெரிதும் இல்லை.