மார்க் ஷீட்டை மட்டும் நம்ப முடியாத பள்ளி: சான் டியேகோவுக்குப் புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

கோவையிலிருந்து சான் டியேகோ வந்து மூன்று மாதம் ஆகிறது, வரும் கல்வியாண்டில் மகள் 9-ஆம் வகுப்பு, மகன் 6-ஆம் வகுப்பு. ஹை டெக் ஹை என்ற சார்ட்டர் பள்ளியில் பாடப்புத்தகமும் பரீட்சையும் கிடையாதாமே, ஃபீஸ் எவ்வளவு, அங்கே படித்தால் நல்ல கல்லூரி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபீஸ் ஒரு டாலர்கூடக் கிடையாது. சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளிதான். மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் நேரடிப் பிடியில் இல்லாமல், தனி ஒப்பந்தத்தின்படி தன் பாடமுறையைத் தானே வகுத்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் இதற்கான சட்டம் 1992-இல் வந்தது. ஹை டெக் ஹை 2000-இல் பாயின்ட் லோமாவில் பழைய கடற்படைப் பயிற்சி மையம் இருந்த இடத்தில் தொடங்கியது. இப்போது சூலா விஸ்டா, சான் மார்க்கோஸ், கிளேர்மான்ட் மேசா பகுதிகளிலும் வளாகங்கள் உண்டு. நுழைவுத் தேர்வு வைக்கவோ, பழைய மதிப்பெண்ணைப் பார்த்து இடம் தரவோ சட்டம் அனுமதிப்பதில்லை. நன்கொடையோ, பெற்றோர் இத்தனை மணி நேரம் வந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோ சேர்க்கைக்குத் தடையாக முடியாது. விசா நிலையையும் கேட்க மாட்டார்கள். எச்-4 (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைக்கும் அதே உரிமைதான்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்றால் குலுக்கல். ஹை டெக் ஹையின் குலுக்கல் ஜிப் கோடு (நம் ஊர் பின்கோடு போன்றது) அடிப்படையில் நடக்கிறது, ஊரின் எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் கலந்து படிக்க வேண்டும் என்பதற்காக. ஏற்கெனவே அங்கே நடுநிலையில் படிப்பவர்கள் மேலே ஏறிவிடுவதால் 9-ஆம் வகுப்பில் மிஞ்சும் இடங்கள் குறைவு. உங்கள் மகனுக்கு வாய்ப்பு கூடுதலாக இருக்கலாம். இருவருக்கும் தனித்தனியே விண்ணப்பியுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு முன்னுரிமை உண்டு என்பதால் ஒருவருக்குக் கிடைத்தவுடன் பள்ளிக்குத் தெரிவியுங்கள். இடம் கிடைத்தால் மின்னஞ்சல் வரும். குறித்த நாளுக்குள் ஏற்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஸ்பேமுக்குள் விழுந்த மடலால் இடத்தைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. காத்திருப்போர் பட்டியல் கோடை முழுக்க நகரும், பள்ளி திறந்த பிறகும் நகரும். எனவே சோர்ந்துவிட வேண்டாம். ஆனால் குலுக்கலை நம்பி வீடு பார்க்காதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் உங்கள் முகவரிக்குரிய மாவட்டப் பள்ளிதான், ஆகவே அதையும் பார்த்தே வாடகை ஒப்பந்தம் போடுங்கள். தூரத்தையும் கணக்கிடுங்கள்: நகரின் வடக்கே உள்ள ரான்சோ பெனஸ்கிடோஸிலிருந்து பாயின்ட் லோமா சுமார் 20 மைல். சார்ட்டர் பள்ளிக்கு பஸ் விடும் கட்டாயம் இல்லை.

தடுப்பூசிச் சான்றை இப்போதே எடுத்து வையுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விட்டுப்போவது சின்னம்மை ஊசி. அது இந்திய அரசின் இலவச அட்டவணையில் இல்லை. இங்கே அது இரண்டு தவணை வேண்டும். 7-ஆம் வகுப்புக்கு முன் டீடேப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல்) ஊசியும் கேட்பார்கள். வீட்டு மொழிப் படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். எழுதினால் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள் என்று பயந்து ‘ஆங்கிலம்’ என்று போடுபவர்கள் உண்டு. அது தேவையற்ற பயம். பிள்ளை தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது, தேறாவிட்டால் ஆங்கில உதவி கிடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். ‘ப்ராஜெக்ட்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தெர்மாகோல், சார்ட் பேப்பர், முந்தின நாள் இரவு ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடும் அப்பா. ஹை டெக் ஹையில் ப்ராஜெக்ட் அதுவல்ல. பாடம் முடிந்தபின் ஒட்டிக்கொள்ளும் வால் அல்ல, பாடமே அதன் வழியாகத்தான் நடக்கிறது. ஒரு கேள்வியில் தொடங்கும்: உதாரணமாக, ‘நம் ஊர்க் கழிமுகத்தில் ஓடும் தண்ணீர் எவ்வளவு சுத்தம், அதை யார் கெடுக்கிறார்கள்?’ பிள்ளைகள் தண்ணீர் மாதிரி எடுப்பார்கள், அளப்பார்கள், வரைபடம் போடுவார்கள், கட்டுரை எழுதுவார்கள். முதல் வரைவைச் சக மாணவர்கள் குறை நிறை சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு இரண்டாம் வரைவு, மூன்றாம் வரைவு. பல வாரம் ஓடி, கடைசியில் எக்ஸிபிஷன் என்ற பொதுக் காட்சியில் முடியும். இந்த ஏற்பாட்டில் படிப்பு நடக்கும் இடம் வரைவுகள்தான். எனவே வீட்டில் ‘எவ்வளவு மார்க்?’ என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. ‘போன வார வரைவைக் காட்டு, இந்த வார வரைவைக் காட்டு, எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய்?’ என்று கேளுங்கள். இரண்டு வரைவுக்கும் வித்தியாசமே இல்லையென்றால், மதிப்பெண் ‘பி’ என்று இருந்தாலும் ஆசிரியருக்கு அன்றே எழுதுங்கள்.

தயவுசெய்து நீங்கள் செய்துகொடுக்காதீர்கள். பிள்ளை ஆசிரியர்கள் முன் நின்று தான் கற்றதை விளக்கி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா எழுதிய கணினி நிரலை மகளால் அங்கே விளக்க முடியாது. பெற்றோர் சந்திப்பையும் பிள்ளையே நடத்தும் வழக்கம் இங்கே உண்டு. அந்த அரை மணி நேரம் நாம் வாயைத் திறக்காமல் இருப்பது கடினம், இருந்தாலும் இருங்கள்.

குழுவேலையில் சுமை ஒரே பிள்ளை மேல் விழுவது அடிக்கடி நடக்கிறது. நம் பிள்ளைகள் மதிப்பெண் போய்விடுமே என்று எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வார்கள், அல்லது கூச்சத்தில் ஒதுங்கி ஸ்லைடுக்கு நிறம் தீட்டுவதோடு நின்றுவிடுவார்கள். இரண்டிலும் நஷ்டம்தான். தனி மதிப்பெண் எந்த வேலைக்கு, குழு மதிப்பெண் எதற்கு என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் நடுவே மூன்று வாரம் ஊருக்குப் போவதையும் தவிருங்கள். விட்டுப்போன அத்தியாயத்தைப் படித்து ஈடுகட்டலாம், விட்டுப்போன சோதனையையும் குழு முடிவுகளையும் ஈடுகட்டுவது கஷ்டம்.

கணிதத்தில் கண் வையுங்கள். கணிதம் படிப்படியாக ஏறுவது. பின்னம் தடுமாறினால் விகிதம் தடுமாறும், விகிதம் போனால் இயற்கணிதம் போகும். ப்ராஜெக்ட் தனக்கு வேண்டிய கணிதத்தை மட்டும் தொடும், மற்றது இடைவெளியாக நிற்கும். நல்ல பள்ளிகள் கணிதத்துக்குத் தனி வகுப்பு வைக்கின்றன. ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனிக் கணிதம்? என்ன பாடத்திட்டம்?’ என்று நேரடியாகக் கேளுங்கள். வீட்டிலும் வாரம் நான்கு நாள் அரை மணி நேரம் பயிற்சி போதும். கான் அகாடமி இலவசம். பரீட்சையே கிடையாது என்பதும் தவறு. மாநிலத் தேர்வை 3 முதல் 8 வரையும், 11-ஆம் வகுப்பிலும் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் சார்ட்டர் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். பள்ளிவாரியான முடிவு ‘கலிபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டு’ தளத்தில் இருக்கிறது. பக்கத்து மாவட்டப் பள்ளியோடு கணித எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்லூரிக்கு வருவோம். யூ.சி. எனப்படும் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் ‘ஏ முதல் ஜி வரை’ என்ற பட்டியலில் 15 ஓராண்டுப் பாடங்கள் கேட்கின்றன, ஒவ்வொன்றிலும் குறைந்தது ‘சி’. அவற்றில் 11 பாடம் 12-ஆம் வகுப்புக்கு முன் முடிந்திருக்க வேண்டும். எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வு மதிப்பெண்ணை, யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போது யூ.சி. பார்ப்பதில்லை. பாடத்தின் பெயர் கவர்ச்சியாக இருந்தால் போதாது, அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று யூ.சி.யின் இணையப் பட்டியலில் பள்ளிப் பெயரைப் போட்டுச் சரிபாருங்கள். ஹை டெக் ஹை, பிள்ளைகளைத் தரம் பிரிப்பதில்லை என்ற கொள்கையால் ஏ.பி. என்ற கல்லூரி நிலை வகுப்புகளை நடத்துவதில்லை, அதே வகுப்பில் ஆனர்ஸ் என்ற கூடுதல் கடினமான வேலையை எடுத்துச் செய்யலாம். கூடுதல் சவால் வேண்டுமென்றால் மிராமர், மேசா போன்ற சமுதாயக் கல்லூரிகளில் பள்ளி மாணவியாகவே ஒரு பாடம் படிக்கலாம். யூ.சி. ஏற்கும் 3 அலகுப் பாடம் ஒரு பருவத்தில் முடிந்தாலும் ஓராண்டுப் பள்ளிப் பாடமாகக் கணக்காகும்.

விசா காரணமாக இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்ப நேரிடலாம் என்றால் மகள் விஷயத்தில் யோசியுங்கள். 12-ஆம் வகுப்பு அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியலைத் தனித்தனிப் பாடமாகப் படித்துத் தேறியதை நீட் தேர்வுக்குக் காட்ட வேண்டும். இங்கே ஒருங்கிணைந்த பாடமாகப் படித்ததை அங்கே புரியவைப்பது பெரும்பாடு. அந்த எண்ணம் உறுதியாக இருந்தால் மகளுக்கு மாவட்ட உயர்நிலைப் பள்ளியும் மகனுக்கு இந்தப் பள்ளியும் என்று பிரிப்பதே நல்லது என்பேன்.

விண்ணப்பிக்கும் முன் ஓர் எக்ஸிபிஷன் மாலைக்கு இருவரையும் கூட்டிப்போங்கள். சுவரில் தொங்கும் அழகான பொருளைப் பார்த்து மயங்காமல், அதன் அருகே நிற்கும் மாணவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘இதில் நீ செய்த பகுதி எது? முதல் முறை என்ன தப்பாகப் போனது?’ ஐந்தாறு பிள்ளைகளிடம் கேட்டால் போதும், அந்தப் பள்ளியில் படிப்பு நடக்கிறதா என்று தெரிந்துவிடும்.